ஒன்றா, ஆளுக்கொன்றா, அன்றன்றைக்கு ஒன்றா? பில்ட் இயந்திரங்களின் ஒர்க்ஸ்பேஸ் கணக்கு

மூலநிரலைத் தொகுத்து மென்பொருளாக்கும் பில்ட் இயந்திரம் ஒன்றே ஒன்று இருக்கும்வரை, அதில் மூலநிரலை எடுத்து வைத்திருக்கும் ஒர்க்ஸ்பேஸைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. யாரோ ஒருவர் என்றோ உருவாக்கினார், அது ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது இயந்திரம் வந்து சேரும் நாளில்தான் கேள்வி முளைக்கிறது. பழைய ஒர்க்ஸ்பேஸையே இதற்கும் கொடுத்துவிடலாமா? இதற்கென்று தனியாக ஒன்று வேண்டுமா? அல்லது ஒவ்வொரு பில்டுக்கும் புதிதாக எடுத்து, முடிந்ததும் வீசிவிடலாமா?

நான் முதன்முதலில் இந்த இடத்துக்கு வந்தபோது, இங்கே ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எனக்குத் தெரியவில்லை. பெர்ஃபோர்ஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை (மூலநிரலின் ஒவ்வொரு பதிப்பையும் சர்வரில் காத்துவைப்பது) பயன்படுத்திய ஒரு குழுவில், முதல் இயந்திரத்தின் அமைப்புகளை அப்படியே இரண்டாவதற்கு நகலெடுத்தேன். ஒர்க்ஸ்பேஸ் பெயரும் சேர்ந்தே போனது. சில நாள் இரண்டும் மாறி மாறி ஓடின. ஒருநாள் இரவு பில்ட் முதல் இயந்திரத்தில் நடந்தது. காலையில் இரண்டாவது இயந்திரம் கோப்புகளைக் கேட்டது. எல்லாம் ஏற்கெனவே புதிய நிலையில்தான் இருக்கின்றன என்றது சர்வர். டிஸ்கில் கிடந்தவையோ மூன்று நாள் பழைய கோப்புகள். பில்ட் தோற்றிருந்தால் அன்றே பிடித்திருப்பேன். அது வெற்றி பெற்றது. பழைய மூலநிரலிலிருந்து பிறந்த மென்பொருள் புதிய பதிப்பு எண்ணைச் சூடிக்கொண்டு சோதனைக் குழுவுக்குப் போனது. சரிசெய்துவிட்டதாகச் சொன்ன பிழை அப்படியே இருக்கிறதே என்று அவர்கள் கேட்டார்கள். நான் இரண்டு நாள் நிரலைத்தான் சந்தேகித்தேன்.

அன்றிலிருந்து ஒர்க்ஸ்பேஸை நான் இரண்டு பாகமாகப் பார்க்கிறேன். டிஸ்கில் இருக்கும் கோப்புகள் ஒன்று. 'இந்த டிஸ்கில் இன்னின்ன கோப்பின் இன்னின்ன பதிப்பு இருக்கிறது' என்று எங்கோ எழுதி வைத்திருக்கும் குறிப்பேடு இன்னொன்று. பெர்ஃபோர்ஸ் அந்தக் குறிப்பேட்டைச் சர்வரில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு ஒர்க்ஸ்பேஸ் பெயருக்கும் ஒரு கையிருப்புப் பட்டியல். மைக்ரோசாஃப்டின் டீம் ஃபவுண்டேஷன் சர்வரின் பழைய வகை ஒர்க்ஸ்பேஸும் அப்படித்தான். 2012 பதிப்பில்தான் குறிப்பேட்டை இயந்திரத்திலேயே வைத்துக்கொள்ளும் உள்ளூர் வகை வந்தது. இதே வேலையைச் செய்யும் சப்வெர்ஷனும் கிட்டும் கோப்புகளுக்குப் பக்கத்திலேயே, ஒரு மறைவு அடைவுக்குள் எழுதிக்கொள்கின்றன. குறிப்பேடு எங்கே இருக்கிறது, எப்போது அது பொய் சொல்லத் தொடங்குகிறது என்பதை வைத்துத்தான் கீழே நான்கு வழிகளையும் எடை போட்டிருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, உண்மை. கேட்ட பதிப்புதான் டிஸ்கில் இருக்கிறதா, கேட்காத எதுவும் அங்கே இல்லையா? இதில் தோற்கும் வழி மற்ற எல்லாவற்றிலும் முதல் மதிப்பெண் வாங்கினாலும் எனக்கு வேண்டாம்.

இரண்டாவது, நேரம். இதில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. கோப்புகள் வந்து சேரும் நேரத்தை எல்லோரும் அளக்கிறார்கள். வந்து சேர்ந்த விதத்தால், மூலநிரலை இயங்கும் நிரலாக்கும் தொகுப்பி எவ்வளவு வேலையைத் திரும்பச் செய்கிறது என்பதைப் பலர் அளப்பதில்லை. இரண்டாவது கணக்குதான் பெரும்பாலும் பெரியது.

மூன்றாவது, ஒரே இயந்திரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு பில்டுகள் ஓடினால் ஒன்றின் காலை மற்றொன்று மிதிக்குமா என்பது. நான்காவது, இடமும் சுமையும்: பில்ட் இயந்திரத்தின் டிஸ்க், சர்வரின் தரவுத்தளம், நடுவில் இருக்கும் நெட்வொர்க். ஐந்தாவது, துப்புரவு. இயந்திரம் ஓய்வு பெற்றபின் அதன் ஒர்க்ஸ்பேஸை யார் அழிப்பார்கள்? 'யாராவது' என்பது பதிலானால், யாரும் அழிக்கமாட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், இயந்திரங்களிடம் 'ஆகப் புதியதை எடு' என்று சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். பெர்ஃபோர்ஸில் மாற்றப்பட்டியல் எண், சப்வெர்ஷனில் திருத்த எண், கிட்டில் கமிட்டின் (பதிவான ஒவ்வொரு மாற்றத்தின்) அடையாளக் குறியான ஹேஷ். லினக்ஸ் பில்ட் 10:02-க்கும் விண்டோஸ் பில்ட் 10:04-க்கும் தொடங்கினால், நடுவில் நுழைந்த ஒரு கமிட் இரண்டையும் இரு வேறு பொருள்களாக்கிவிடும். சப்வெர்ஷனில் வெளிக் களஞ்சியங்களை (வேறிடத்தில் சேமித்த மூலநிரல் தொகுப்புகளை) எண் குறிக்காமல் இணைத்திருந்தால், முதன்மைக் களஞ்சியத்துக்கு எண் கொடுத்தும் இதே கதைதான். எண்ணை ஒரே இடத்தில் முடிவு செய்து எல்லா இயந்திரங்களுக்கும் அனுப்புங்கள். இதைச் செய்யாதவர்கள் மேற்கொண்டு படிப்பதால் பெரிய பயன் இல்லை.

## வழி 1: எல்லா இயந்திரங்களுக்கும் ஒரே ஒர்க்ஸ்பேஸ்

இதன் கவர்ச்சி புரிந்துகொள்ளக்கூடியது. எந்தெந்தக் கோப்புறைகள் வேண்டும் என்ற வரையறையை ஒரே இடத்தில் எழுதினால் போதும். புதிய இயந்திரம் வந்தால் பெயரைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

குறிப்பேடு சர்வரில் இருக்கும் முறைகளில் இதைச் செய்தால் நான் மேலே சொன்னதுதான் நடக்கும். ஒரு பட்டியல், இரண்டு டிஸ்க். பட்டியல் கடைசியாகப் பேசியவரின் டிஸ்கைத்தான் விவரிக்கிறது. மற்றவருக்கு அது பொய். பெர்ஃபோர்ஸ் இதை அறிந்தே ஒரு வேலி போட்டிருக்கிறது. ஒர்க்ஸ்பேஸை உருவாக்கும்போது 'ஹோஸ்ட்' என்ற கட்டத்தில் அந்த இயந்திரத்தின் பெயர் தானாகவே நிரம்பிவிடும். வேறு இயந்திரத்திலிருந்து பயன்படுத்த முயன்றால், இந்த ஒர்க்ஸ்பேஸை இன்ன இயந்திரத்திலிருந்து மட்டுமே பயன்படுத்தலாம் என்று மறுத்துவிடும். இந்தச் செய்தியைத் தொந்தரவாகக் கருதி, அந்தக் கட்டத்தைக் காலியாக்கிவிடுவதுதான் உலக வழக்கம். வேலியைப் பிடுங்கிவிட்டு மாடு மேய்ந்துவிட்டது என்று புலம்புகிறோம்.

ஒரு இயந்திரத்துக்குள் தனித்தனிப் பெட்டிகளாக ஓடும் கண்டெய்னர்களில் இது இன்னும் சிக்கல். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் இயந்திரப் பெயர் புதிதாகப் பிறக்கிறது என்பதால் ஹோஸ்ட் கட்டத்தைக் காலியாக்கியே ஆகவேண்டிய கட்டாயம் வருகிறது. அப்போது வேலியின் வேலையை ஒர்க்ஸ்பேஸின் பெயர் செய்யவேண்டும். பெயரும் ஒன்றாகவே இருந்தால் பாதுகாப்பு எதுவுமில்லை. பெர்ஃபோர்ஸில் 'மாற்று ரூட்' என்று கூடுதலாக இரண்டு பாதைகள் கொடுக்கும் வசதியைக் கண்டு, 'விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸுக்கு ஒன்று' என்று மயங்குபவர்களும் உண்டு. ஒரே கோப்புகளை இரு இயங்குதளங்களிலிருந்து அணுகும் ஒருவருக்கான வசதி அது. கையிருப்புப் பட்டியல் அங்கேயும் ஒன்றுதான்.

பகிர்ந்த நெட்வொர்க் டிஸ்கில் ஒர்க்ஸ்பேஸை வைத்து எல்லா இயந்திரங்களிலும் இணைத்துக்கொண்டால் பட்டியலும் கோப்புகளும் ஒன்றாகிவிடுமே என்று கேட்கலாம். ஆகிவிடும். இரண்டு பில்டுகள், தொகுப்பி உருவாக்கும் ஒரே .o கோப்பை ஒரே நொடியில் எழுதும்வரை.

இது சரியாக இருக்கும் சூழல்கள் மிகக் குறைவு. எப்போதும் ஒரே இயந்திரம்தான் ஓடும், மற்றது காத்திருப்பு இயந்திரம், டிஸ்க் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறும் என்றால் சரி. அந்த ஒர்க்ஸ்பேஸை யாருமே சிங்க் செய்யாமல் (அதில் கோப்புகளை எடுக்காமல்), வரையறையை நகலெடுக்கும் வார்ப்புருவாக மட்டும் வைத்திருந்தாலும் சரி. இந்த இரண்டாவது பயன் நல்லது. அடுத்த வழிக்கு அதுதான் அடித்தளம்.

## வழி 2: இயந்திரத்துக்கும் வேலைக்கும் ஒவ்வொன்று, நிலையாக

ஒவ்வொரு இயந்திரத்திலும், ஒவ்வொரு வேலைக்கும், ஒரே நேரத்தில் ஓடக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் தனி ஒர்க்ஸ்பேஸ். பில்ட் முடிந்தாலும் அது அங்கேயே இருக்கும். பில்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸின் பெர்ஃபோர்ஸ் இணைப்பு இயல்பாகவே தரும் பெயர் இப்படித்தான் இருக்கிறது: முன்னால் 'ஜென்கின்ஸ்', பிறகு இயந்திரத்தின் பெயர், வேலையின் பெயர், கடைசியாக எக்ஸிக்யூட்டரின், அதாவது இயந்திரத்தில் ஒரு பில்ட் ஓடும் இடத்தின், எண். அந்தக் கடைசி எண்ணைத் தேவையற்றது என்று வெட்டிவிடாதீர்கள். ஒரே வேலை ஒரே இயந்திரத்தில் இருமுறை ஓடும் நாளில் அதுதான் உங்களைக் காப்பாற்றும்.

இந்த வழியில் குறிப்பேடும் டிஸ்கும் ஒன்றுக்கொன்று. மாறிய கோப்புகள் மட்டும் வரும். மாறாதவற்றின் நேரமுத்திரை மாறாது. ஆகவே 'மேக்' (make) போன்ற பில்ட் கருவிகள் தொட்டதை மட்டும் மறுபடி தொகுக்கும். மூலநிரல் பெரிதாக இருந்தால், படங்களும் ஒலியும் 3டி மாதிரிகளும் நிறைந்த களஞ்சியமாக இருந்தால், இதற்கு ஈடான வேகம் வேறெதிலும் இல்லை.

மறைசெலவுகளுக்கு வருவோம். முதல் செலவு டிஸ்க். ஒரு ஒர்க்ஸ்பேஸ் 40 ஜிபி, ஆறு இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று எக்ஸிக்யூட்டர்கள் என்று வைத்துக்கொண்டால் 18 ஒர்க்ஸ்பேஸ்கள், 720 ஜிபி. அது ஒரே ஒரு வேலைக்கு. கிளைக்கொரு (மூலநிரலின் ஒவ்வொரு இணைப் பதிப்புக்கும் ஒரு) வேலை என்று தொடங்கிவிட்டால் பெருக்கல் கையை மீறிவிடும்.

அடுத்த செலவு எச்சம், டிஸ்கைவிட ஆபத்தானது. களஞ்சியத்திலிருந்து நீக்கிய கோப்பைப் பதிப்புக் கட்டுப்பாடு டிஸ்கிலிருந்தும் நீக்கிவிடும்; ஆனால் அந்தக் கோப்பிலிருந்து பிறந்த கோப்பை அதற்குத் தெரியாது. வரையறைக் கோப்பு ஒன்றிலிருந்து கருவி உருவாக்கிய மூலநிரல், தாய் போனபின்னும் கோப்புறையில் கிடக்கும். கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் தொகு என்று பில்ட் எழுதியிருந்தால் அதுவும் உள்ளே போகும். இந்த இயந்திரத்தில் மட்டும் பில்ட் வெற்றி, புதிய இயந்திரத்தில் தோல்வி என்ற புகாரைக் கேட்டால் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

இதற்கு மருந்து, பில்டுக்கு முன் கழுவுவது. கிட்டில் 'கிளீன்' கட்டளைக்கு எஃப் கொடியை (கட்டளையோடு சேர்க்கும் -f என்ற குறியை) இருமுறை கொடுக்கவேண்டும். ஒருமுறை கொடுத்தால், உள்ளே பொதிந்திருக்கும் வேறு கிட் களஞ்சியங்களை அது தொடாது. எக்ஸ் கொடி சேர்த்தால் புறக்கணிப்புப் பட்டியலில் இருப்பவையும் போகும். அதாவது .o கோப்புகளும் போகும், வேகமும் சேர்ந்தே போகும். பெர்ஃபோர்ஸில் 'கிளீன்' கட்டளை டிஸ்கை உள்ளடக்கம்வரை ஒப்பிட்டுப் பார்ப்பதால் பெரிய மரங்களில் நிதானமாகத்தான் நகரும்; எம் கொடி கொடுத்தால் நேரமுத்திரையை முதலில் பார்த்து நிறைய வேலையைத் தவிர்க்கும். நான் கடைப்பிடிப்பது இது: பகலில் கழுவாத வேகமான பில்ட், இரவில் முழுக்கக் கழுவிய பில்ட், வெளியே போகும் பதிப்பு எப்போதும் கழுவியதிலிருந்து மட்டும்.

வரையறையின் விலகலும் உண்டு. வார்ப்புருவிலிருந்து ஒர்க்ஸ்பேஸை உருவாக்கும்போது அன்றைய வரையறை நகலாகிறது. பிறகு வார்ப்புருவில் ஒரு கோப்புறையைச் சேர்த்தால், ஏற்கெனவே பிறந்தவற்றுக்கு அது தெரியாது. பெர்ஃபோர்ஸில் ஸ்ட்ரீம் முறைக்கு மாறினால் ஒர்க்ஸ்பேஸின் வரையறை ஸ்ட்ரீமிலிருந்தே உருவாகிறது என்பதால் இந்த வலி குறையும். இல்லையென்றால், ஒவ்வொரு பில்டின் தொடக்கத்திலும் வரையறையை மறுபடி எழுதிவிடுவதே எளிது.

டீம் ஃபவுண்டேஷன் சர்வரில் வேறு விதமான பொறி இருக்கிறது. ஒர்க்ஸ்பேஸ் இயந்திரத்தின் பெயரோடும் உரிமையாளரின் பெயரோடும் பிணைந்தது. ஒரு கோப்புறையை ஒரு இயந்திரத்தில் ஒரு ஒர்க்ஸ்பேஸ்தான் சொந்தம் கொண்டாடலாம். பில்ட் ஓடும் சேவைக் கணக்கை மாற்றினால், பழைய கணக்கின் ஒர்க்ஸ்பேஸ் அந்தக் கோப்புறையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். புதிய கணக்கு வரும்போது 'இந்தப் பாதை ஏற்கெனவே வேறொன்றின் பிடியில் இருக்கிறது' என்று பிழை. அதை அழிக்கும் உரிமை புதியவருக்கு இருக்காது. மெய்நிகர் இயந்திரத்தின் படிமத்தை (அதன் டிஸ்கின் முழுப் பிரதியை) நகலெடுத்துப் பெயரை மாற்ற மறந்தால், ஒரே பெயரில் இரு இயந்திரங்கள் வந்து வழி 1-இன் நோய் பின்வாசல் வழியாக நுழையும்.

சப்வெர்ஷனைப் பொறுத்தவரை இந்த வழி பெரும்பாலும் தொல்லையற்றது. 2011-இல் வந்த 1.7 பதிப்பிலிருந்து குறிப்பேடு முழுவதும் மேல்மட்டத்தில் ஒரே மறைவு அடைவில் இருக்கிறது. பில்டை நடுவில் கொன்றால் பூட்டு தங்கிவிடும். 'கிளீன்அப்' கட்டளையைப் பில்டின் முதல் வரியாக வைத்துவிட்டால் போதும்.

## வழி 3: ஒவ்வொரு பில்டுக்கும் புதிது

காலிக் கோப்புறை, புதிய கண்டெய்னர், முழுமையாக எடு, தொகு, வீசு. உண்மை என்ற அளவுகோலில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. பழைய குறிப்பேடே இல்லாதபோது அது பொய் சொல்லவும் முடியாது. துப்புரவும் கண்டெய்னரோடு முடிந்துவிடுகிறது. முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் நிரலைத் தொகுப்பவர்களுக்கு இது தேர்வே இல்லை, கட்டாயம். நிலையான ஒர்க்ஸ்பேஸில் ஒருவர் விட்டுச்செல்லும் கோப்பு அடுத்தவரின் பில்டில் ஓடும்.

கிட்டில் இதை மலிவாக்கக் கருவிகள் உண்டு. ஆழம் 1 என்று கேட்டால் ஒரே ஒரு கமிட் மட்டும் வரும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸின் அதிகாரபூர்வ செக்கவுட் (மூலநிரலை எடுக்கும் படி) இயல்பாகவே அதைத்தான் செய்கிறது. விலை எங்கே தெரியும் என்றால், பதிப்பு எண்ணை டேக்கிலிருந்து (கமிட்டுக்கு இட்ட பெயர்ச்சீட்டிலிருந்து) கணக்கிடும் 'டிஸ்கிரைப்' கட்டளை டேக்கைக் காணாமல் கைவிரிக்கும்போது. முதன்மைக் கிளையோடு ஒப்பிட்டு மாறிய கோப்புகளை மட்டும் சோதிக்கும் ஸ்கிரிப்டும் பொது மூதாதையைக் காணாமல் திணறும். அந்தத் தேவை இருந்தால், ஆழத்தை வெட்டுவதைவிடப் பகுதிக் குளோன் (களஞ்சியத்தின் பகுதி நகல்) நல்லது: கமிட் வரலாறு முழுவதும் வரும், கோப்பு உள்ளடக்கங்கள் தேவைப்படும்போது மட்டும் வரும். களஞ்சியத்தின் ஒரு மூலையை மட்டும் தொகுப்பவர்கள் 2020-இல் கிட் 2.25-இல் வந்த 'ஸ்பார்ஸ் செக்கவுட்' கட்டளையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆழம் வெட்டிய குளோனை மட்டும் நிலையான ஒர்க்ஸ்பேஸில் வைத்து மாதக்கணக்கில் நீட்டிக்கொண்டு போகாதீர்கள். எதை ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சர்வர் கணக்குப் போட வேண்டியிருக்கும். அது வீசப்போகும் இடத்துக்கான வசதி.

பெர்ஃபோர்ஸில் இந்த வழிக்கு ஒரு கண்ணுக்குத் தெரியாத கட்டணம் உண்டு. ஒவ்வொரு பில்டுக்கும் புதிய பெயரில் ஒர்க்ஸ்பேஸ் என்றால், ஒவ்வொன்றுக்கும் கையிருப்புப் பட்டியல் சர்வரில் எழுதப்படும். இரண்டு லட்சம் கோப்புகள் கொண்ட ஒர்க்ஸ்பேஸ், நாளுக்கு நூறு பில்டுகள் என்றால், தினமும் இரண்டு கோடி வரிகள். யாரும் அழிக்காவிட்டால் எல்லோருடைய சர்வரும் மெதுவாகும். குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க மாதங்களாகும். இதற்கு இரண்டு தீர்வுகள். படிக்க மட்டுமான வகை ஒர்க்ஸ்பேஸ், தன் பட்டியலைப் பொது அட்டவணையில் எழுதாமல் தனியாக வைத்துக்கொள்ளும். அதிலிருந்து கோப்பைத் திருத்த முடியாது, பில்டுக்கு அது குறையும் இல்லை. அல்லது சிங்க் கட்டளைக்கு பி கொடி கொடுத்தால் கோப்புகள் வரும், பட்டியலில் எதுவும் எழுதப்படாது. வீசிவிடப்போகிற இடத்துக்குக் குறிப்பேடு எதற்கு?

இப்போது அந்த இரண்டாவது நேரக் கணக்கு. புதிதாக எடுத்த எல்லாக் கோப்புகளுக்கும் நேரமுத்திரை 'இப்போது'. 'மேக்' எல்லாவற்றையும் தொகுக்கும். எடுப்பதில் இரண்டு நிமிடம் போனது என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பவர், தொகுப்பதில் நாற்பது நிமிடம் போவதைப் பார்க்கவேண்டும். முன்பு தொகுத்ததைச் சேமித்துவைத்துத் திரும்பத் தரும் சிசிகேஷ் போன்ற தொகுப்புக் கேஷ் இதை ஈடுகட்டும், ஆனால் ஒரு நுணுக்கத்தோடு. பிழைதிருத்தத் தகவலுடன் தொகுக்கும்போது சிசிகேஷ், வேலை நடக்கும் கோப்புறையின் பாதையையும் இயல்பாகவே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். கோப்புறைப் பெயரில் பில்ட் எண்ணை வைத்தீர்களானால் பாதை ஒவ்வொரு முறையும் புதிது, கேஷ் ஒருமுறைகூடப் பயன்படாது. கேஷ் இருக்கிறது, நிரம்புகிறது, ஆனால் வேகம் வரவில்லை என்று ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். கண்டெய்னருக்குள் எப்போதும் ஒரே பாதையில் வைப்பது எளிய தீர்வு. அடிப்பாதையைக் கேஷின் அமைப்பில் சொல்வதும், தொகுப்பியிடம் பாதை முன்னொட்டை மாற்றச் சொல்வதும் மற்றவை. ஜிசிசி தொகுப்பியில் அதற்கான கொடி இருக்கிறது.

நெட்வொர்க் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 4 ஜிபி, நாளுக்கு 200 பில்டுகள்: தினமும் 800 ஜிபி சர்வரிலிருந்து வெளியேறும். களஞ்சியம் சிறிதென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம். சில நூறு எம்பிக்குள் இருக்கும் கிட் களஞ்சியத்துக்கு நான் வேறெதையும் யோசிக்கமாட்டேன்.

## வழி 4: நிலையான கேஷ், அதன்மேல் தற்காலிக ஒர்க்ஸ்பேஸ்

களஞ்சியத்தின் நகலை இயந்திரத்தில் நிலையாக வைத்துக்கொண்டு, பில்ட் நடக்கும் கோப்புறையை மட்டும் அவ்வப்போது புதிதாக்குவது. கேட்டால் இரண்டின் நன்மையும் கிடைப்பதுபோல் இருக்கும். உண்மையில் இரண்டின் பராமரிப்பும் சேர்ந்து வரும். அளந்து பார்த்து வழி 3 போதவில்லை என்று தெரிந்தபின் வரவேண்டிய இடம் இது.

கிட்டில் இரண்டு பாதைகள். ஒன்று, 'ரெஃபரன்ஸ்' கொடியோடு குளோன் செய்வது: உள்ளூர் நகலில் இருக்கும் பொருள்களைக் கடன் வாங்கி, இல்லாததை மட்டும் சர்வரிலிருந்து எடுக்கும். கடன் என்பதை மறக்கக்கூடாது. உள்ளூர் நகல் தன்னைத் தானே துப்புரவு செய்து, தனக்கு வேண்டாத பொருளை எறிந்தால், அதையே நம்பியிருந்த ஒர்க்ஸ்பேஸ் உடைந்துபோகும். கிளையை வலிந்து மாற்றி எழுதும் பழக்கம் உள்ள குழுவில் இது எப்போதாவது நடக்கும், நடக்கும்போது புரியாது. 'டிசோசியேட்' கொடி கடன் வாங்கியதை நகலெடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளும். கொஞ்சம் நேரம் கூடும், நிம்மதியும் கூடும்.

மற்றொன்று, 2015-இல் கிட் 2.5-இல் வந்த 'ஒர்க்ட்ரீ'. ஒரே களஞ்சியத்திலிருந்து பல கோப்புறைகள். ஒரே கிளையை இரண்டு கோப்புறைகளில் எடுக்க அது அனுமதிக்காது. ஆகவே பில்டுக்குக் கிளையின் பெயரால் அல்ல, கிளையிலிருந்து விடுபட்ட நிலையில் கமிட்டின் ஹேஷால் எடுங்கள். எப்படியும் எண்ணால்தான் எடுக்கவேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்தோம். கோப்புறையை நேரடியாக அழித்துவிட்டால் அதன் பதிவு களஞ்சியத்தில் தங்கிவிடும்; அதற்கென்று உள்ள கட்டளையால் நீக்கவேண்டும், அல்லது அவ்வப்போது 'ப்ரூன்' ஓட்டவேண்டும்.

கேஷை இயந்திரத்தில் வைத்து, பில்டைக் கண்டெய்னருக்குள் ஓட்டினால் இன்னொரு சுவரில் முட்டுவீர்கள். 2022 ஏப்ரலில் வந்த 2.35.2 பதிப்பிலிருந்து, வேறொரு பயனருக்குச் சொந்தமான களஞ்சியத்தில் வேலை செய்ய கிட் மறுக்கிறது. அது பாதுகாப்புக் குறைபாடு ஒன்றுக்கான திருத்தம். எல்லாக் கோப்புறைகளையும் நம்பு என்று நட்சத்திரம் போட்டு வாயை அடைப்பதைவிட, உள்ளேயும் வெளியேயும் ஒரே பயனர் எண்ணை வைத்துவிடுவது மேல்.

பெர்ஃபோர்ஸில் இதே எண்ணத்துக்கு ப்ராக்ஸி இருக்கிறது: பில்ட் இயந்திரங்களுக்கு அருகில் கோப்பு உள்ளடக்கங்களைச் சேர்த்துவைக்கும், சர்வர் அடிக்கடி அனுப்பத் தேவையில்லை. ஆனால் நான் அதிகம் விரும்புவது வேறொன்று. மெய்நிகர் இயந்திரத்தின் படிமத்திலேயே மூலநிரலை முன்கூட்டியே பதித்துச் சுட்டுவிடுவது. புதிய இயந்திரம் அந்தப் படிமத்திலிருந்து எழும்போது, தனக்கென்று ஒரு பெயரில் புதிய ஒர்க்ஸ்பேஸை உருவாக்கி, 'ஃபிளஷ்' கட்டளையால் சர்வரிடம் சொல்கிறது: இன்ன எண் வரையிலான கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. ஒரு கோப்பும் நகராமல் பட்டியல் நிரம்பிவிடும். பிறகு சிங்க் செய்தால் அதற்குப்பின் மாறியவை மட்டும் வரும். நூறு ஜிபி மரத்துக்கும் சில நிமிடங்களில் இயந்திரம் தயார்.

ஆனால் ஃபிளஷ் என்பது சர்வரைச் சத்தியமாக நம்பச் சொல்வது. சுட்டபோது இருந்த எண்ணும் இப்போது சொல்லும் எண்ணும் வேறுபட்டால், நான் முதல் பத்திகளில் சொன்ன அதே பொய்யை நாமே கைப்பட எழுதிக் கொடுக்கிறோம். எண்ணைப் படிமத்துக்குள்ளேயே ஒரு கோப்பில் எழுதி வைத்து, அங்கிருந்து மட்டும் படிக்கச் சொல்லுங்கள். யாரும் கையால் தட்டச்சு செய்யும்படி விடாதீர்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஒரே ஒர்க்ஸ்பேஸ் | ஆளுக்கொன்று | புதிது | கேஷ் + தற்காலிகம் |
|---|---|---|---|---|
| உண்மை | நம்ப முடியாது | கழுவினால் நல்லது | மிக நல்லது | கேஷ் கெடாதவரை நல்லது |
| எடுக்கும் நேரம் | குறைவு | குறைவு | அதிகம் | நடுத்தரம் |
| தொகுக்கும் நேரம் | குறைவு | குறைவு | முழுமை. கேஷ் வேண்டும் | பெரும்பாலும் முழுமை |
| இணையாக ஓடுதல் | கூடாது | பெயர் சரியாக இருந்தால் | கவலையில்லை | கவலையில்லை |
| பில்ட் இயந்திர டிஸ்க் | குறைவு | மிக அதிகம் | குறைவு | நடுத்தரம் |
| சர்வர் சுமை | குறைவு | குறைவு | அதிகம் | குறைவு |
| துப்புரவு | யாரும் செய்வதில்லை | திட்டமிட வேண்டும் | தானாக | திட்டமிட வேண்டும் |

அட்டவணையில் அகப்படாத ஒன்று: குழுவில் பில்ட் அமைப்பைக் கவனிக்க நிரந்தரமாக ஓர் ஆள் இருக்கிறாரா என்பது. இல்லையென்றால், எண்கள் வழி 4-ஐக் காட்டினாலும் வழி 3-ஐ எடுங்கள். மெதுவான பில்டோடு வாழ முடியும். எப்போதாவது மட்டும் தவறாக வரும் பில்டோடு வாழ்வது கடினம்.

## எதைத் தேர்ந்தாலும் கூடவே வருபவை

இயந்திரங்கள் வெவ்வேறு இயங்குதளங்கள் என்றால் மூன்று விஷயங்கள் எந்த வழியிலும் விடாது.

வரி முடிவுகள், அதாவது ஒவ்வொரு இயங்குதளமும் வரியின் இறுதியைக் குறிக்கும் விதம். கிட்டில் இதை ஒவ்வொரு இயந்திரத்தின் தனி அமைப்பிலும் விடலாம், களஞ்சியத்துக்குள்ளேயே பண்புக் கோப்பிலும் எழுதலாம். இரண்டாவதைச் செய்யுங்கள், அது எல்லா இயந்திரங்களுக்கும் தானாகப் போய்ச் சேரும். பெர்ஃபோர்ஸில் இது ஒர்க்ஸ்பேஸின் வரையறையில் உள்ள ஒரு கட்டம். விண்டோஸில் எடுத்த ஷெல் ஸ்கிரிப்டை லினக்ஸ் கண்டெய்னருக்குள் நுழைத்தால் 'கோப்பு இல்லை' என்ற விசித்திரமான பிழை வருவது இதனால்தான்.

எழுத்து வடிவம். விண்டோஸும் ஆப்பிளின் மேக் இயங்குதளமும் இயல்பாகக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து சிறிய எழுத்து பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். வடிவத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு கோப்புகள் களஞ்சியத்தில் இருந்தால், விண்டோஸில் ஒன்றுதான் டிஸ்கில் நிற்கும். மற்றது மாறிவிட்டது என்று கிட் நித்தமும் முணுமுணுக்கும்.

பாதையின் நீளம். விண்டோஸில் பழைய வரம்பு 260 எழுத்துகள். அதை நீட்டிக்க வழி இருந்தாலும் எல்லாக் கருவிகளும் அதை மதிப்பதில்லை. ஒர்க்ஸ்பேஸின் வேரை டிஸ்கின் மேல்மட்டத்தில், ஓரிரு எழுத்துக் கோப்புறையில் வையுங்கள். ஒரே வேலை இணையாக ஓடும்போது ஜென்கின்ஸ் கோப்புறையின் பெயரோடு @2 என்று சேர்க்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பெர்ஃபோர்ஸில் @ என்பது பதிப்பைக் குறிக்கும் குறி. அந்தப் பிரிப்புக் குறியை வேறொன்றாக மாற்ற ஜென்கின்ஸில் வழி உண்டு.

## ஏற்கெனவே வழி 1-இல் இருப்பவர்களுக்கு

இதைப் படிப்பவர்களில் பலர் அங்கேதான் இருப்பார்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றவேண்டாம். முதலில், இப்போதைய ஒர்க்ஸ்பேஸின் ஹோஸ்ட் கட்டத்தில் முதல் இயந்திரத்தின் பெயரைத் திரும்ப எழுதுங்கள். மற்ற இயந்திரங்களின் பில்டுகள் உடனே தோற்கும். சத்தமாகத் தோற்பது நல்லது. அந்த ஒர்க்ஸ்பேஸை வார்ப்புருவாகக் கொண்டு, தோற்றவை ஒவ்வொன்றுக்கும் இயந்திரம், வேலை, எக்ஸிக்யூட்டர் எண் மூன்றும் கொண்ட பெயரில் புதிதாக உருவாக்குங்கள். பழைய கோப்புறைகளை மறுபயன்பாடு செய்யும் ஆசையை அடக்கிக்கொண்டு, காலியான கோப்புறையில் முதல் சிங்கை ஓடவிடுங்கள். அந்த முதல் சிங்க் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தால், தொகுப்புக் கேஷ் ஒன்றைச் சேர்த்து வழி 3-க்குப் போக முடியுமா என்று அடுத்த வாரம் பார்க்கலாம். மணிக்கணக்கில் ஆனால் வழி 2-இலேயே இருந்துகொண்டு, படிமத்தில் சுட்டு ஃபிளஷ் செய்யும் வேலையைத் தொடங்குங்கள்.